பன்னிரண்டு வாரம் கழித்து

அத்தியாயம் 11

காலை ஏழே காலுக்குக் காட்டேரிக்குப்பம் பஸ் நிறுத்தத்தில் மாமியாரும் மருமகளும் ஒரே குடையின் கீழ் நின்றிருந்தார்கள். பெரிய மழை இல்லை, தூறல்தான். ஆனாலும் காசம்மாள் குடையை மருமகள் பக்கமே சாய்த்துப் பிடித்திருந்ததில் அவளுடைய வலது தோள் முழுக்க நனைந்து போயிருந்தது.

"அத்த, நீங்க நனையிறீங்க."

"நனைஞ்சா காஞ்சிடும். நீ மாத்திர போட்டியா?"

"போட்டேன்."

மூன்று மாதத்துக்கு முன்பு இப்படி ஒரு பேச்சை அந்தத் தெருவில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

சகாயராணிக்கு முப்பது வயது. மூன்று வருடமாக வலிப்பு. அந்த மூன்று வருடத்துக்குள்ளேயே இரண்டு கரு கலைந்து போயிருந்தது. வலிப்புக்கு ஒரு டாக்டர், கருவுக்கு ஒரு டாக்டர், இரண்டுக்கும் தனித்தனி ஃபைல். வலிப்பு பார்த்த டாக்டரிடம் அவள் கருவைப் பற்றிச் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. கணவன் புகழேந்தி ஒரு நாள் அவசரத்தில் இரண்டு ஃபைலையும் ஒரே பையில் திணித்து எடுத்து வந்ததால்தான், பிள்ளையார்குப்பம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் டாக்டர் மகாலட்சுமி அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். மூளை ஸ்கேனில் ஒரு சின்னத் தழும்பைக் காட்டினார். ஒரு இரத்தப் பரிசோதனை எழுதினார்.

அந்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்று வந்தது. ஆனால் ஒரு தடவை வந்தால் போதாது, பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடியும் அப்படியே வந்தால்தான் நோய் உறுதி என்று சொல்லிவிட்டார். வலிப்பு மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். இரத்தம் இளகுவதற்கு ஒரு சின்ன ஆஸ்பிரின் சேர்த்தார். கடைசியாக, "பதில் தெரியற வரைக்கும் கர்ப்பம் மட்டும் வேணாம்" என்றார்.

இரண்டாவது இரத்தம் போன வாரமே கொடுத்தாயிற்று. இன்றைக்குப் பதில் வாங்க வேண்டும். புகழேந்தி வேலை செய்யும் திருபுவனை கம்பெனியில் ஆடிட். காலையில் லீவு கிடையாது என்றதும், "நான் இட்டுக்கினு போறேன்" என்று காசம்மாளே கிளம்பிவிட்டாள்.

டாக்டர் கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் இரண்டு நாளாக ராணியின் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. கவனமாகத்தான் இருந்தார்கள். ஒரே ஒரு நாள் மட்டும் கவனமாக இல்லை. நாள் தள்ளிப் போய்ப் பத்து நாளாகிறது. முந்தாநாள் மெடிக்கலில் கிட் வாங்கிப் பார்த்தாள். இரண்டு கோடு.

யாரிடமும் சொல்லவில்லை. முதல் தடவை சொன்னபோது புகழேந்தி தெரு முழுக்க லட்டு கொடுத்தான். இரண்டாவது தடவை வீட்டுக்குள் மட்டும் சொன்னார்கள். அதுவும் போன பிறகு அவன் ஒன்றே ஒன்று சொன்னான்: "இனிமே புள்ள பேச்சே வாணாம். எனக்கு நீ போதும்."

பஸ் வந்தது.

*

பஸ் பத்துக்கண்ணு நிறுத்தத்தைத் தாண்டியதும் ராணியின் இடது கட்டைவிரல் தானாகத் துடிக்க ஆரம்பித்தது. எப்போதும் அங்கேதான் தொடங்கும். சில நாள் விரலோடு நின்றுவிடும். சில நாள் கை, தோள், முகம் என்று ஏறி அவளையே விழுங்கிவிடும்.

அவள் முந்தானையால் கையை மூடினாள். காசம்மாள் பார்த்துவிட்டாள்.

"வெரலு ஆடுதா?"

"ம்."

முன்பெல்லாம் இப்படி வந்தால் காசம்மாள் ஓடிப்போய்ச் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பாள். பல்லுக்கு நடுவில் கரண்டியை வைக்கப் பார்ப்பாள். அதெல்லாம் கூடாது என்று டாக்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். இப்போது அவள் பையை மடியிலிருந்து கீழே இறக்கினாள். மருமகளைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள். செல்போனைப் பார்த்து நேரத்தைக் கவனித்தாள்.

"ஒண்ணும் ஆவாது. நான் கீறேன்."

ஒரு நிமிடம். ஒன்றரை நிமிடம். விரல் நின்றது.

"நின்னுடுச்சி அத்த."

"அவ்ளோதான். அந்தப் பழைய மாத்திரையா இருந்தா இந்நேரம் பஸ்ஸ நிறுத்த வெச்சிருப்ப." காசம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். "இன்னாடி, ரெண்டு நாளா நீ சரியில்ல. சோறும் துன்ன மாட்டேன்ற."

"பயமா இருக்கு. இன்னா பதில் வரப்போவுதோ."

பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. பாண்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கடலூர் பஸ் மாறினார்கள்.

*

டாக்டர் மகாலட்சுமிக்கு நாற்பது வயதிருக்கும். உள்ளே வருகிறவர்களை உட்காரச் சொல்லாமல் பேசத் தொடங்க மாட்டார். உட்கார்ந்ததும் காசம்மாள் பஸ்ஸில் நடந்ததைச் சொன்னாள்.

"பஸ்லயும் வெரலு துடிச்சுதா? எவ்வளவு நேரம்?"

"ஒன்றர நிமிசம்" என்றாள் காசம்மாள். "நான் டைம் பாத்தேன்."

டாக்டர் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார். பிறகு கம்ப்யூட்டரை அவர்கள் பக்கம் திருப்பினார்.

"ரெண்டாவது தடவையும் பாசிட்டிவ்தான். இப்ப உறுதியா சொல்லலாம். இது பெரிய பேரு, ஆன்டிஃபாஸ்ஃபோலிப்பிட் சிண்ட்ரோம். நாங்க ஏ.பி.எஸ்.னு சொல்லுவோம்."

ராணி கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "அப்படின்னா?"

"கிருமி உள்ள வந்தா எதுத்து நிக்கறதுக்குன்னு நம்ம இரத்தத்துல சில பொருள் இருக்கு. உங்களுக்கு அதுல ஒண்ணு வழி மாறிப்போச்சு. கிருமியை விட்டுட்டு உங்க இரத்தத்தையே உறைய வைக்குது. மூளைக்குப் போற சின்னக் குழாய்ல எப்பவோ ஒரு தடவை உறைஞ்சிருக்கு. அந்த எடத்துல தழும்பு. அந்தத் தழும்புலேர்ந்துதான் வலிப்பு கிளம்புது."

"அப்ப, என் புள்ளைங்க?"

"அதுவும் இதேதான். நஞ்சுக்கொடியில இரத்தம் உறைஞ்சு அடைச்சுக்கிட்டா குழந்தைக்கு ஒண்ணும் போய்ச் சேராது. நீங்க செஞ்சது எதனாலயும் இல்ல. ஓடினது, தூக்கினது, தையல் மெஷின் மிதிச்சது எதுவும் இல்ல."

காசம்மாள் நாற்காலியில் நெளிந்தாள்.

"டாக்டரம்மா, நான் ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லுங்கம்மா."

"ரெண்டாவது தபா கலைஞ்சதுக்குப் பொறவு இவளுக்கு எடது காலு மட்டும் வீங்கிச்சி. கெண்டக்காலு கல்லு மாரி. தொட்டா சுடும். நான் உப்பும் புளியும் கரைச்சிப் பத்துப் போட்டேன். வடிய இருவது நாளு ஆச்சி. அப்புறம் இந்தப் பனி நாள்ல தொடையெல்லாம் வல விரிச்ச மாரி ஊதாவா கோடு ஓடும். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இதை ஏன் இத்தனை நாள் யாரும் சொல்லல?"

"வலிப்பு டாக்டருகிட்ட காலு வலியப் போயி யாரு சொல்லுவா?"

டாக்டர் பேனாவை மறுபடியும் எடுத்தார். ஃபைலில் வேகமாக எழுதினார். "சம்பந்தம் இருக்கு. கால்லயும் உறைஞ்சிருக்கு. அது கிளம்பி நுரையீரலுக்குப் போயிருந்தா ஆளே தங்கியிருக்க மாட்டாங்க. நீங்க இன்னைக்குச் சொன்னது ரொம்பப் பெரிய விஷயம். இனிமே ஆஸ்பிரின் மட்டும் போதாது. உறையாம தடுக்கற மருந்து முழுசா வேணும்."

"அத சாப்புட்டா வலிப்பு போயிடுமா?" ராணி கேட்டாள்.

"புதுத் தழும்பு வராம தடுக்கலாம். பழைய தழும்பு இருக்கத்தான் செய்யும். அதனால வலிப்பு மாத்திரை நிறுத்தக் கூடாது. ஆனா பாருங்க, மாசம் ஆறு ஏழு தடவை வந்தது, இந்தப் பன்னெண்டு வாரத்துல பெருசா ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கு. இன்னும் குறையும்."

டாக்டர் மருந்துச் சீட்டை இழுத்து ஒரு மாத்திரையின் பெயரை எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"ஒரு விஷயம். இந்த மாத்திரை நல்ல மாத்திரை. ஆனா வயித்துல குழந்தை இருந்தா குடுக்கவே கூடாது, குழந்தைய பாதிக்கும். இப்ப அப்படி எதுவும் இல்லையே?"

ராணி டாக்டரைப் பார்க்கவில்லை. மாமியாரையும் பார்க்கவில்லை. மேசை மேலிருந்த சீட்டையே பார்த்தாள். இல்லை என்று சொல்லிவிட்டால் வெளியே போய்விடலாம். யாரும் திட்ட மாட்டார்கள். இன்றைக்கு ராத்திரி அந்த மாத்திரையை வாயில் போட வேண்டியதுதான்.

"இருக்குது டாக்டர்" என்றாள்.

"என்னது?"

"வயித்துல இருக்குது. பத்து நாள் தள்ளிப் போயிருக்கு. கிட்ல பாத்தேன். நீங்க வேணாம்னு சொன்னீங்க. தெரிஞ்சேதான்..."

டாக்டர் திட்டவில்லை. எழுதியதைக் குறுக்கே அடித்துவிட்டு, "நல்ல நேரத்துல சொன்னீங்க" என்றார். "பயப்படாதீங்க. இதுக்கு வேற வழி இருக்கு. மாத்திரைக்குப் பதிலா ஊசி. காலையில ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு. அது குழந்தைக்குப் போகாது. ஆஸ்பிரின் அப்படியே இருக்கட்டும். உங்க வலிப்பு மாத்திரையும் கர்ப்பத்துக்கு ஒத்துப்போறதுதான். இதே நோயோட, இதே ஊசியோட நல்லபடியா பெத்துக்கிட்டவங்க நிறைய பேரு. எல்லாருக்கும் ஆகும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா முன்ன ரெண்டு தடவை மாதிரி இல்ல இது. இப்ப நமக்கு எதிரி யாருன்னு தெரியும்."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. காசம்மாள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

*

வராந்தாவின் கோடியில் குடிநீர்க் குழாய் பக்கம் அவள் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். ராணி பக்கத்தில் போய் நின்றாள்.

"எத்தினி நாளா தெரியும்?"

"முந்தாநாள்லேர்ந்து."

"என்கிட்ட சொல்லலாம்னு தோணல இல்ல?"

"தோணுச்சி. பயமா இருந்துச்சி அத்த."

"எனக்குப் பயந்தியா, புள்ளைக்குப் பயந்தியா?"

"ரெண்டுக்கும்."

காசம்மாள் குழாயை மூடினாள். அது ஒழுகிக்கொண்டே இருந்தது. இன்னும் இறுக்கி மூடினாள்.

"மொத தபா, மயிலம் தேருக்குப் போயி கூட்டத்துல இடிபட்டதாலன்னு சொன்னேன். ரெண்டாவது தபா, கம்பெனியில தையல் மெஷின மிதிச்சி மிதிச்சி புள்ளய தள்ளிட்டன்னு சொன்னேன். வூட்டுக்குள்ள சொல்லல. தெருக் கொழாயாண்ட நின்னுக்கினு, நாலு பேரு கேக்கச் சொன்னேன்."

"விடுங்க அத்த."

"இன்னாத்த விடறது? ஒன் மேல தப்பு இல்லன்னு அந்த டாக்டரம்மா சொன்னாங்களே, அப்ப எனக்கு மூஞ்ச எங்க வெச்சிக்கறதுன்னு தெரியல. நாலு பேரு கேக்கத்தான் சொன்னேன். அதே கொழாயாண்ட நின்னு, நான் சொன்னது தப்புன்னு சொல்லுவேன்."

"இப்ப வாணா. மொதல்ல ஸ்கேன் பாக்கட்டும்."

"சரி, இப்ப வாணா" என்று உடனே ஒத்துக்கொண்டாள் காசம்மாள். "ஆனா சொல்லுவேன்."

ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் சின்னதாக ஒரு கரும்புள்ளி தெரிந்தது. துடிப்பு இன்னும் தெரியவில்லை. "இவ்வளவு சின்னதுல தெரியாது. பத்து நாள் கழிச்சு வாங்க, அன்னைக்குத்தான் சொல்ல முடியும்" என்றார்கள். இடது காலையும் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். உள்ளே பழைய உறைவின் அடையாளம் இருந்தது. காசம்மாள் சொன்னது சரி.

*

ஊசி போடச் சொல்லிக்கொடுப்பவர் நர்ஸ் ஆரோக்கியசெல்வி. ஒரு பஞ்சுத் துண்டும் ஊசியும் மேசை மேல் வைத்திருந்தார்.

"நிறைய பேரு தனக்குத் தானே போட்டுக்குவாங்க. ஆனா உங்களுக்குக் கை துடிக்குது, பாதியில துடிச்சா கஷ்டம். வீட்ல யாராவது கத்துக்கணும்."

"நான் போடறேன்" என்றாள் காசம்மாள்.

"முன்னாடி யாருக்காவது போட்டிருக்கீங்களா?"

"மாட்டுக்கு டாக்டரு வந்து போடுவாரு. நான் மாட்டப் புடிச்சிப்பேன்."

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ராணிக்கும் வந்தது. இரண்டு நாளில் முதல் தடவையாக அவள் சிரித்தாள்.

"எனக்கு எழுத்து படிக்க வராதும்மா, அளவு எப்பிடிப் பாக்கறது?"

"அளவு பாக்கவே வேணாம். மருந்து அளவா அடைச்சே வருது. தொப்புளுக்குத் தள்ளி, சதையைக் கிள்ளிப் பிடிங்க. நேரா உள்ள விடுங்க. மெதுவா அழுத்துங்க. எடுத்த பெறகு தேய்க்கக் கூடாது. தெனமும் எடத்தை மாத்துங்க."

பஞ்சில் மூன்று தடவை குத்திப் பார்த்தாள். களை பறித்தும் கரும்பு வெட்டியும் காய்த்துப்போன விரல்கள் அந்தச் சின்ன ஊசியைப் பிடிக்கத் தடுமாறின. நான்காவது தடவை சரியாக வந்தது.

"இப்ப நெசம்" என்றார் நர்ஸ். "இன்னைக்குச் சாயந்தரத்து ஊசி இது. நாளையிலேர்ந்து காலை ஏழு, சாயந்தரம் ஏழு."

ராணி படுத்துப் புடவையை விலக்கினாள். காசம்மாள் கிள்ளிப் பிடித்தாள். ஊசியை நெருக்கினாள்.

"கண்ணைத் தொறங்கம்மா! கண்ண மூடிக்கிட்டுக் குத்தறீங்களே!"

"தொறந்துதான் கீறேன்" என்று கண்ணைத் திறந்தாள் காசம்மாள்.

ராணிக்கு எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. ஊசியை வெளியே எடுத்த பிறகு காசம்மாள்தான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

*

புகழேந்தி கம்பெனிச் சட்டையோடு நேராக வண்டியில் வந்தபோது மணி நாலு. மகனைப் பார்த்ததும் காசம்மாள், "நான் டீ குடிச்சிட்டு வரேன், நீங்க பேசுங்க" என்று கேன்டீன் பக்கம் நடந்துவிட்டாள்.

"இன்னா சொன்னாங்க? அம்மா ஏன் அழுத மாரி கீது?"

ராணி வரிசையாகச் சொன்னாள். இரத்தத்தின் பதில், தழும்பு, கால் வீக்கம். கடைசியில் அதையும் சொன்னாள்.

அவன் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"டாக்டரு வாணாம்னு சொன்னாங்க இல்ல?"

"சொன்னாங்க."

"அன்னிக்கி ஆட்டோவுல ஒன்ன மடியில போட்டுக்கினு போனேன் ராணி. ஒரு பக்கம் ரத்தம், ஒரு பக்கம் வலிப்பு. வில்லியனூரு கேட் மூடிட்டான். ரயிலு போற வரைக்கும் ஒனக்கு மூச்சு வருதா இல்லியான்னே தெரியல. மறுபடியும் அத என்னால பாக்க முடியாது."

"அன்னிக்கி எனக்கு இன்னா நோவுன்னு யாருக்கும் தெரியாது மாமா. இன்னிக்கி தெரியும்."

"தெரிஞ்சா மட்டும் போதுமா?"

"போதாது. ஊசி போடணும், மாத்திர விடாம சாப்புடணும், பத்து நாள் கழிச்சி ஸ்கேன் பாக்கணும். அப்புறமும் இன்னா ஆவுமோ தெரியாது. ஆனா இந்தத் தபா நான் சொம்மா குந்திக்கினு பயந்துக்கினு இருக்க மாட்டேன். எனக்கு வேணும் மாமா."

புகழேந்தி எழுந்தான். டாக்டரின் அறைப் பக்கம் போனான். கதவைத் தட்டி உள்ளே போனான்.

பத்து நிமிடம் ஆயிற்று. கால் மணி ஆயிற்று. காசம்மாள் டீ குடித்துவிட்டு, மருமகளுக்கு ஒரு பன்னும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"எங்க அவன்?"

"டாக்டருகிட்ட போயிருக்காரு."

"இன்னாத்துக்கு?"

"தெரியல அத்த."

அவன் வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. ஆனால் முகம் உள்ளே போன முகம் இல்லை. நேராக நர்ஸ் ஆரோக்கியசெல்வியிடம் போனான்.

"சிஸ்டர், ஊசி போட எனக்கும் சொல்லிக்குடுங்க."

"நான்தான் கத்துக்கினேனே" என்றாள் காசம்மாள்.

"காலைல நீ நூறு நாள் வேலைக்கி ஆறரைக்கே கெளம்பிடுவ. காலைல ஏழு மணி ஊசிய நான் போட்டுட்டு ஷிப்டுக்குப் போறேன். சாயந்தரம் நீ போடு."

வலிப்பு முழுசாக அடங்கும் வரை வண்டியில் பின்னால் உட்கார வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். புகழேந்தி வண்டியை ஆஸ்பத்திரி ஸ்டாண்டிலேயே பூட்டிவிட்டு அவர்களோடு பஸ் ஏறினான். மூன்று பேர் சீட்டில் ராணியை நடுவில் உட்கார வைத்தார்கள். மழை விட்டு வெயில் சாய்வாக அடித்தது.

கிருமாம்பாக்கம் தாண்டியதும் ராணி மெதுவாகக் கேட்டாள்.

"டாக்டருகிட்ட அவ்ளோ நேரம் இன்னா கேட்டீங்க?"

"ஒண்ணு கேட்டேன்."

"அதான் இன்னா?"

"ஸ்கேன் அன்னிக்கி சொல்றேன்."

"நல்லதா, கெட்டதா? அதயாச்சும் சொல்லுங்க."

அவன் செல்போனை எடுத்து அலாரம் வைத்தான். காலை ஏழு மணி. ராணி எட்டிப் பார்த்தாள்.

"பத்து நாளைக்கா வெச்சீங்க?"

"இல்ல" என்றான் புகழேந்தி. "தெனமும்னு வெச்சிக்கீறேன்."